மாநிலம் மாறியவரின் ஓட்டுநர் உரிமம்

ஓட்டுநர் உரிமத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றுதல் என்பது, ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் இன்னொரு மாநிலத்தில் குடியேறிய பிறகு, உரிமத்திலுள்ள முகவரியைப் புதிய ஊருக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் திருத்திக்கொள்வதைக் குறிக்கும். பேச்சில் இதை 'லைசென்ஸ் டிரான்ஸ்ஃபர்' என்கிறோம். ஆனால் இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமத்தை 'மாற்றுவது' என்று தனியாக ஒரு நடைமுறை கிடையாது. அங்கே இருப்பவை முகவரி மாற்றமும் புதுப்பித்தலும்தான். இந்த ஒரு சொல்லால் ஏற்பட்ட குழப்பத்தில் பலர் தேவையில்லாமல் சொந்த ஊருக்கு அலைகிறார்கள். சிலர் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் பழைய உரிமத்தை மறைத்துப் புதிதாக ஒன்று எடுத்து, சட்டத்தை மீறியவர்களாகிறார்கள்.

காரைக்குடியையும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களையும் எடுத்துக்கொண்டால், வெளியூர் போய்ப் பிழைப்பது இங்கே பழைய வழக்கம். ஒரு காலத்தில் பர்மா, இலங்கை, மலாயா என்று கப்பலேறினார்கள். இன்று பெங்களூர், ஐதராபாத், கொச்சி, புனே என்று போகிறார்கள். எதிர்த்திசையிலும் வரவு உண்டு. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்குப் பிற மாநிலங்களிலிருந்து ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். இரு தரப்பாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். என்னிடம் படித்தவர்கள் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் பேசும்போது, நலம் விசாரித்து முடிந்ததும் "சார், லைசென்ஸ் மாத்தணும், என்.ஓ.சி. வாங்க ஊருக்கு வரணுமா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கான விடையைச் சற்று விரிவாகச் சொல்வதே இக்கட்டுரை.

உரிமம் செல்லும் எல்லை

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் செயலுக்கு வந்தது. அதற்கு முன்பு 1939ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மிகச் சிறியது. பழகுநர் உரிமமானாலும் ஓட்டுநர் உரிமமானாலும் இந்தியா முழுவதும் செல்லும் என்று அது சொல்கிறது.

ஆகவே காரைக்குடியில் எடுத்த உரிமத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பெங்களூரிலோ கவுகாத்தியிலோ எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம். உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், ஓட்டும் வண்டியின் வகை உரிமத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. 'வெளிமாநில லைசென்ஸ்' என்ற காரணத்துக்காக மட்டும் எந்த மாநிலக் காவலரும் அபராதம் விதிக்க முடியாது. உரிம எண்ணின் தொடக்கத்திலுள்ள எழுத்துகளும் இலக்கங்களும் அதை முதலில் கொடுத்த மாநிலத்தையும் அலுவலகத்தையும் காட்டுபவை. டி.என். 63 என்றால் சிவகங்கை. அதே 63 உடன் இசட் சேர்ந்தால் காரைக்குடிப் பகுதி அலுவலகம். உரிமம் வைத்திருப்பவர் இன்று எங்கே குடியிருக்கிறார் என்பதற்கும் அந்த எழுத்துகளுக்கும் தொடர்பில்லை.

ஆள் அசையாமலே மாநிலம் மாறிய நிகழ்வும் உண்டு. 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமானபோது, ஐதராபாத்தில் குடியிருந்த இலட்சக்கணக்கானோரின் கையில் ஆந்திர மாநிலக் குறியீடு கொண்ட உரிமங்கள் இருந்தன. அவை ஒரே இரவில் செல்லாமல் போய்விடவில்லை. நம் பக்கத்திலும், மாநில அளவில் இல்லாவிட்டாலும் மாவட்ட அளவில் இப்படி நடந்திருக்கிறது. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தபோது இம்மாவட்டத்துக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயர் இருந்தது. 1997இல் அது சிவகங்கை மாவட்டம் ஆயிற்று. ஒரே தெருவில் ஒரே வீட்டில் குடியிருந்த ஒருவரின் பழைய தாள்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கலாம். பெயர் மாறியது என்பதற்காக உரிமத்தின் செல்லுபடி மாறுவதில்லை.

வண்டிக்கு ஒரு விதி, ஓட்டுபவருக்கு ஒரு விதி

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. உரிமம் ஆளுக்கு உரியது. பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி., வண்டிக்கு உரியது. வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோனால் சில கடமைகள் சட்டப்படி வந்து சேருகின்றன. அந்தக் கடமைகளை மக்கள் உரிமத்தின் மேலும் ஏற்றிவிடுகிறார்கள்.

வண்டியின் பதிவும் இந்தியா முழுவதும் செல்லும் என்றே 46ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 47ஆம் பிரிவு ஒரு வரம்பு வைக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தில் புதிய பதிவு எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று தேவை. பலரும் பேசும் 'என்.ஓ.சி.' இதுதான். இதற்கான விண்ணப்பம் 28ஆம் எண் படிவம். வண்டியின் சேசிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து அதில் ஒட்டுவார்கள். கடனில் வாங்கிய வண்டியானால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் அலுவலகம் சான்றைக் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் சான்று கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று 48ஆம் பிரிவு கூறுகிறது. இந்த வாசகம் சட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வண்டி உரிமையாளர் வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 49ஆம் பிரிவு. புதிய மாநிலத்தில் சாலை வரியும் கட்ட நேரும்.

அடிக்கடி மாற்றலாகும் பணியில் இருப்பவர்களுக்காக, மாநில எழுத்துகளுக்குப் பதிலாக 'பி.எச்.' என்ற பாரத் வரிசைப் பதிவு எண்ணை நடுவணரசு 2021இல் கொண்டுவந்தது. அதுவும் வண்டிக்குத்தான்.

ஓட்டுநர் உரிமத்துக்கோ 12 மாதக் கணக்கு கிடையாது. முகவரி மாறியதும் இத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்று வண்டிப் பதிவுக்கு இருப்பது போன்ற கெடுவும் இல்லை. இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்காக வெளிமாநிலம் போகும் மாணவர், உரிமத்தில் கை வைக்காமலே படித்து முடித்துத் திரும்பலாம்.

அப்படியானால் முகவரியை ஏன் மாற்ற வேண்டும்?

நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது என்பதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. உரிமத்தைப் பலர் முகவரிச் சான்றாகவும் பயன்படுத்துகிறார்கள். புதுப்பிக்கும்போதும், தொலைந்துபோய் நகல் வாங்கும்போதும், புதிய வகை வண்டியைச் சேர்க்கும்போதும் குடியிருக்கும் ஊரிலேயே வேலை முடிந்துவிடும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2024 பிப்ரவரி 28 முதல் இங்கே ஓட்டுநர் உரிமமும் பதிவுச் சான்றும் விரைவுத் தபாலில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. அலுவலகத்தில் கையில் வாங்கும் வழக்கம் நின்றுவிட்டது. பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு அட்டை போகும், ஆள் இல்லையென்றால் அனுப்பிய அலுவலகத்துக்கே திரும்பிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் இது அடிக்கடி நேரக்கூடியது. பெரிய வீடு பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோதான் கதவு திறக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் தபால் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, தபால்காரருக்குத் தெரியும்படி கைபேசி எண்ணைக் கொடுத்து வைப்பது பயன் தரும்.

தடையின்மைச் சான்று எப்படி வந்தது?

'உரிமத்துக்கும் என்.ஓ.சி. வேண்டும்' என்ற எண்ணம் முழுக்கத் தவறானதும் அன்று. ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் தனக்கென்று கையால் எழுதிய பதிவேட்டை வைத்திருந்த காலத்தில், கோயம்புத்தூரில் கொடுத்த உரிமம் உண்மையானதுதானா என்று கொச்சியில் உள்ள அலுவலர் எப்படித் தெரிந்துகொள்வார்? கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், அல்லது உரிமம் வைத்திருப்பவரே போய்ச் சான்று வாங்கி வர வேண்டும். அந்த உரிமம் தங்கள் ஏட்டில் உள்ளது, அதன் மேல் வழக்கோ தடையோ இல்லை என்று முதல் அலுவலகம் எழுதிக் கொடுப்பதே அந்தச் சான்று. ஏடுகள் ஒன்றோடொன்று பேசாத குறையை மனிதர்கள் பேருந்தில் பயணம் செய்து நிரப்பினார்கள்.

இப்போது அந்த வேலையைச் செய்வது 'சாரதி' என்ற கணினி அமைப்பு. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இதில் நாடெங்கும் வழங்கப்பட்ட உரிமங்களின் விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. வண்டிகளுக்கு 'வாகன்' என்று இதற்கு இணையான அமைப்பு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஓட்டுநர் உரிமங்களுக்குத் தேசியப் பதிவேடு ஒன்று வேண்டும் என்று 25ஏ பிரிவைச் சேர்த்தது. ஒருவரின் உரிமம் சாரதியில் இருந்தால் எந்த மாநில அலுவலரும் அதைத் திரையிலேயே சரிபார்க்கலாம். அவர் ஊருக்கு வந்து சான்று வாங்க வேண்டிய அடிப்படைக் காரணமே அப்போது இல்லாமல் போகிறது.

ஆனாலும் சில அலுவலகங்கள் பழைய பழக்கத்தில் சான்று கேட்பதுண்டு. அப்போதும் உடனே ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். உரிமத்தின் விவரங்களை முதல் அலுவலகம் சான்றளித்துத் தரும் 'உரிம விவரச் சாறு' என்ற சேவைக்குச் சாரதியிலேயே விண்ணப்பிக்கலாம்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

முகவரி மாற்றத்தில் பெரிய சிக்கல் எங்கே வருகிறது என்று கேட்டால், புதிய ஊரின் அலுவலகத்தில் அன்று, பழைய ஊரின் பதிவேட்டில்தான் என்பேன். கணினிமயம் ஆவதற்கு முன்பு கொடுத்த உரிமங்களில் சில சாரதியில் ஏற்றப்படாமல் விடுபட்டிருக்கின்றன. ஏற்றப்பட்டவற்றிலும் பெயரின் தலைப்பெழுத்து மாறியிருக்கும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். தமிழ்நாட்டில் தந்தை பெயரை ஓர் எழுத்தாக முன்னால் போடுகிறோம். வடமாநில அலுவலகங்களில் பெயருக்குப் பின்னால் முழுப் பெயராக எதிர்பார்க்கிறார்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் உரிமத்தில் ஒரு மாதிரியும் இருந்தால் கணினி இருவரும் வெவ்வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும்.

எனவே வெளிமாநிலம் போகிறவர் பெட்டி கட்டும்போதே ஒரு வேலை செய்ய வேண்டும். சாரதி தளத்தில் தம் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் இட்டுப் பார்க்க வேண்டும். விவரம் சரியாக வந்தால் கவலையில்லை. வராவிட்டால், அசல் உரிமத்துடன் அதைக் கொடுத்த அலுவலகத்துக்குப் போய், விடுபட்ட பதிவை ஏற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகங்களில் இதை 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள். இதைச் செய்யக்கூடியது முதலில் உரிமம் கொடுத்த அலுவலகம் மட்டுமே. காரைக்குடியில் இருக்கும்போது அரைநாள் வேலையாக முடிவது, புனேயிலிருந்து செய்ய முயன்றால் விடுப்பும் ரயில் கட்டணமுமாக நீளும். கைபேசி எண்ணையும் அப்போதே பதிந்துகொள்வது நலம். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். வேலை மாறும்போது கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறைய.

எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர்கள் கூடுமானால் ஊரிலேயே 'எட்டு' போட்டு உரிமத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழிந்த பின் தேர்வுக்குப் போகலாம். இந்தக் கணக்கைக் கல்லூரி திறக்கும் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் போதும்.

புதிய ஊரில் விண்ணப்பிக்கும் முறை

சாரதி தளத்தில் நுழைந்ததும் முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பலர் தவறுவது இந்த இடத்தில். உரிமம் தமிழ்நாட்டில் எடுத்தது என்பதால் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். குடிபோன மாநிலத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெங்களூரில் இருப்பவர் கர்நாடகத்தைத் தேர்ந்து, ஓட்டுநர் உரிமச் சேவைகள் என்ற பகுதிக்குப் போய், தமிழ்நாட்டு உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் விவரங்கள் திரைக்கு வரும். பிறகு தாம் குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலகத்தைக் குறித்து, முகவரி மாற்றம் என்ற சேவையைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்கான பொது விண்ணப்பம் 2ஆம் எண் படிவம். தளத்தில் நிரப்பும் விவரங்களே அந்தப் படிவமாக அமைந்துவிடும்.

விண்ணப்பத்தில் 'தற்போதைய முகவரி', 'நிரந்தர முகவரி' என இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்பதில்லை. காரைக்குடி வீட்டை நிரந்தர முகவரியாக அப்படியே விட்டுவிட்டுத் தற்போதைய முகவரியை மட்டும் மாற்றலாம். சொந்த ஊர் முகவரி போய்விடுமே என்று தயங்குபவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

முகவரிக்கு ஆதாரமாக ஆதார், வாக்காளர் அடையாளம், கடவுச்சீட்டு, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் போன்றவை ஏற்கப்படுகின்றன. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இவற்றில் எதுவும் புதிய முகவரியில் இருக்காது. முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொண்டு பிறகு உரிமத்துக்கு வருவதே சுலபமான வரிசை. எந்தச் சான்றும் தர இயலாதவர், காரணத்தைச் சொல்லி நோட்டரி முன்னோ நீதித்துறை நடுவர் முன்னோ உறுதியிட்ட பிரமாணப் பத்திரம் கொடுக்கவும் நடுவணரசு விதிகளில் இடமுண்டு.

முகவரி மாற்றத்துக்கு நடுவணரசு விதிகள் குறித்துள்ள கட்டணம் 200 ரூபாய். இதன் மேல் மாநிலங்கள் சேவைக் கட்டணம் சேர்க்கலாம். தேர்வு எதுவும் கிடையாது, எட்டுப் போட வேண்டியதில்லை. ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்தால் அலுவலகத்துக்குப் போகாமலே முடித்துக்கொள்ளும் வசதியை நடுவணரசு 2021 மார்ச்சில் அறிவித்தது. அறிவித்த 18 சேவைகளில் உரிம முகவரி மாற்றமும் ஒன்று. பெயர் ஆதாருடன் பொருந்தாதவர்களும் ஆதார் தர விரும்பாதவர்களும் வழக்கம்போல் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். கணினிப் பழக்கமில்லாதவர்கள் பக்கத்திலுள்ள பொதுச் சேவை மையத்தின் உதவியை நாடலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். அதைப் போலவே தோன்றும் தனியார் தளங்கள் பணம் கேட்கும். வாட்ஸ்அப்பில் அபராத ரசீது என்று சொல்லி வரும் செயலிக் கோப்பைத் திறந்து வங்கிக் கணக்கில் பணத்தை இழந்தவர்களும் உண்டு.

புதுப்பித்தலும் காலக்கணக்கும்

வெளிமாநிலத்தில் இருப்பவர்களை உண்மையில் சிக்கலில் மாட்டிவிடுவது, கவனிக்காமல் கடந்துபோன காலாவதித் தேதிதான். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளப் பழைய கணக்கும் புதிய கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, சொந்த வண்டி ஓட்டுபவரின் உரிமம் 20 ஆண்டுக்கோ 50 வயது வரைக்கோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். திருத்தத்துக்குப் பின் 30 வயது நிரம்பாதவர் எடுக்கும் உரிமம் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் 10 ஆண்டு. 50 முதல் 55க்குள் எடுத்தால் 60 வயது வரை. 55க்கு மேல் ஐந்தைந்து ஆண்டாக. முன்பு வாங்கிய உரிமங்களுக்கு அட்டையில் அச்சிட்ட தேதியே செல்லும்.

எடுத்துக்காட்டாக, 2007இல் 22 வயதில் காரைக்குடியில் உரிமம் எடுத்த ஒருவரைக் கொள்வோம். அவருடைய உரிமம் 2027 வரை செல்லும். அப்போது அவருக்கு வயது 42. 40 வயது கடந்தவர்கள் புதுப்பிக்கும்போது 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வைக்க வேண்டும். அவர் பெங்களூரில் இருந்தால் அங்கேயே புதுப்பிக்கலாம். எந்த உரிம அலுவலரும் புதுப்பிக்கலாம் என்றுதான் 15ஆம் பிரிவு தொடங்குகிறது. முதலில் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது புதுப்பித்த அலுவலகத்தின் கடமை. அதற்காக உரிமம் வைத்திருப்பவர் அலைய வேண்டியதில்லை. முகவரி மாற்றத்தையும் புதுப்பித்தலையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேட்கலாம்.

புதுப்பிக்க விண்ணப்பிக்கும் காலம், காலாவதித் தேதிக்கு ஓராண்டு முன்பிலிருந்து ஓராண்டு பின்பு வரை. அதையும் தாண்டினால் மறுபடி ஓட்டுநர் தேர்வு எழுத வேண்டும், அதாவது ஓட்டிக் காட்ட வேண்டும். இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. தேதி முடிந்த பின்னும் ஓராண்டு வண்டி ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். அந்த ஓராண்டு விண்ணப்பிப்பதற்கு மட்டும்தான். முன்பு காலாவதியான உரிமமும் 30 நாள் செல்லும் என்று 14ஆம் பிரிவில் ஒரு சலுகை இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. ஆகவே தேதி முடிந்த மறுநாள் வண்டி ஓட்டுபவர், சட்டத்தின் கண்ணில் உரிமம் இல்லாமல் ஓட்டுபவர். அதற்கு அபராதம் 5,000 ரூபாய். அப்படிப்பட்டவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் வரும் சிக்கல்தான் பெரிது. உரிமம் இல்லாமல் ஓட்டிய வண்டியால் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்கும்படியும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளும்படியும் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் வகுத்த நெறி இது. உயிரிழப்பு நேர்ந்த வழக்கானால் அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் வீட்டையே விற்கவைக்கும் அளவுக்கு இருக்கும். அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

இரண்டாவது உரிமம்

'பழையதை மாற்றுவது தலைவலி, இங்கேயே புதிதாக ஒன்று எடுத்துவிடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கக் கூடாது. செல்லுபடியாகும் ஓர் ஓட்டுநர் உரிமம் இருக்கும்போது இன்னொன்றை வைத்திருக்கக் கூடாது என்று 6ஆம் பிரிவு தடுக்கிறது. புதிய வகை வண்டிக்காக எடுக்கும் பழகுநர் உரிமம் இதில் சேராது. முன்பு ஏடுகள் தனித்தனியாக இருந்ததால் இரண்டு மாநிலங்களில் இரண்டு உரிமம் வைத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஒரு மாநிலத்தில் தகுதியிழப்புக்கு ஆளானவர் அடுத்த மாநிலத்தில் புதிய உரிமத்துடன் ஓட்டினார். அதைத் தடுப்பதும் ஒருங்கிணைந்த பதிவேட்டின் நோக்கங்களில் ஒன்று. விண்ணப்பத்தில் வேறு உரிமம் இல்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்தது பின்னால் விபத்து வழக்கில் வெளியே வந்தால், அதை விளக்குவது எளிதாக இராது.

அறியாமல் ஏற்கெனவே இரண்டு எடுத்துவிட்டவர்கள், ஒன்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவதே சரியான வழி.

தொழில்முறை ஓட்டுநர்கள்

லாரி, பேருந்து, வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும் 13ஆம் பிரிவு அப்படியே பொருந்தும். ஆனால் போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டு மட்டுமே செல்லும், எந்த வயதானாலும் மருத்துவச் சான்று வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இது 3 ஆண்டாக இருந்தது. ஆகவே வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர் அடிக்கடி அலுவலகத்துக்குப் போக வேண்டியவர். முகவரி மாற்றம் அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

இவர்களுக்கு 8ஆம் வகுப்புக் கல்வித் தகுதி வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2019 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. பள்ளியில் பணியாற்றிய நாளில், ஏழாம் வகுப்போடு நின்றுபோன பழைய மாணவர்கள் மாற்றுச் சான்றிதழில் 'எட்டு' என்று எழுதித் தர முடியுமா என்று வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பும்போது மனம் கனக்கும். நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்.

சாலையில் நிறுத்தினால்

பிற மாநிலக் காவலர் உரிமத்தைக் கேட்டால் காட்ட வேண்டியது 130ஆம் பிரிவின்படி கடமை. அட்டையைக் கையில் வைத்திருக்காவிட்டால் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ளதைக் காட்டலாம். அசலுக்கு இணையாக அதை ஏற்க வேண்டும் என்று நடுவணரசு 2018இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கைபேசியில் எடுத்துவைத்த புகைப்படம் இதில் சேராது. செயலிக்குள் திறந்து காட்டுவதே செல்லும்.

கடல் கடந்து போகிறவர்கள்

செட்டிநாட்டுக்காரர்களின் இடப்பெயர்வு மாநில எல்லையோடு நிற்பதில்லை என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 13ஆம் பிரிவு இந்தியாவுக்குள் மட்டும்தான். வெளிநாட்டில் ஓட்ட, 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெறலாம். குடியிருக்கும் ஊரின் போக்குவரத்து அலுவலகமே இதைத் தருகிறது. கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் இந்திய உரிமம் ஆகியவற்றுடன் 4ஏ படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், காலம் ஓராண்டு. அந்தந்த நாட்டில் நீண்ட காலம் தங்குபவர்கள் அந்நாட்டு உரிமத்தையே எடுக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும்போதே அனுமதி முடிந்துவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்று 2021 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ முறையாக உரிமம் பெற்று அது செல்லுபடியில் இருந்தால், அதே வகை வண்டிக்கு இந்திய உரிமம் கேட்கும்போது ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு அளிக்க 9ஆம் பிரிவில் இடமிருக்கிறது. மூட்டையைக் கட்டும் அவசரத்தில் அந்நாட்டு உரிமத்தை வேண்டாத காகிதங்களோடு கிழித்துப் போட்டுவிடாமல் கொண்டுவர வேண்டும்.